முகவரிச் சீட்டும் அழைத்துப் போகும் ஆளும்: கோவை டர்னர் ஒருவரின் குடிமீட்பு குறித்த நிகழ்வு ஆய்வு

குடிநோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்புகிறவரிடம், குடியை விட விரும்புகிறவர்கள் தாங்களே கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) கூட்டத்தின் முகவரியை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, வாரந்தோறும் அந்தக் கூட்டத்துக்குப் போகுமாறு சொல்லி அனுப்புவது நம் மருத்துவமனைகளில் நெடுங்கால வழக்கம். கை நடுக்கம் நின்று, பசி திரும்பி, முகம் தெளிந்து, மனைவியோடு ஆட்டோவில் ஏறும் அந்த மனிதர் அன்றைக்கு மனப்பூர்வமாகத்தான் தலையை ஆட்டுகிறார். சீட்டோ சட்டைப் பையிலேயே கிடந்து துணியோடு துணியாகத் துவைபட்டுப் போகிறது. அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருக்கும் எனக்கு, மீண்டு வரக்கூடிய பலரை நாம் இழப்பது வார்டுக்கும் அந்தக் கூட்டத்துக்கும் இடையிலுள்ள சில கிலோமீட்டர் தூரத்தில்தான் என்பதில் ஐயமே இல்லை. அந்தத் தூரத்தை ஒருவர் எப்படிக் கடந்தார், எங்கே தடுக்கினார், யார் துணையோடு நடந்தார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அவருடைய ஒப்புதலோடு எழுதப்படும் இப்பதிவில் பெயர்களும், ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.

பின்னணி

வார்டில் சேர்ந்தபோது அவருக்கு வயது 41. ஐ.டி.ஐ. முடித்தவர், கோவை கணபதி வட்டாரத்தில் ஒரு லேத் பட்டறையில் டர்னர், அதாவது லேத் எந்திரத்தில் உலோகத்தைக் கடைபவர். மனைவி நூற்பாலைத் தொழிலாளி. பிளஸ் டூ படிக்கும் மகளும் எட்டாம் வகுப்பில் ஒரு மகனும் உண்டு. பட்டறைகளில் சனிக்கிழமைதான் சம்பள நாள் என்பதால், வேலைக்குச் சேர்ந்த புதிதில் சனிக்கிழமை மாலை மட்டும் கூட்டாளிகளோடு குடித்துவந்தவர், முப்பது வயதைத் தாண்டுவதற்குள் தினமும் குடிக்கிறவராகிவிட்டார். சேர்க்கையின்போது அவர் சொன்ன அளவு நாளொன்றுக்கு இரண்டு குவார்ட்டர். 180 மில்லி கொண்ட ஒரு குவார்ட்டரில், 42.8 விழுக்காடு என்ற வழக்கமான செறிவின்படி, ஏறத்தாழ 60 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. அப்படியானால் ஒவ்வொரு நாளும் 120 கிராம். உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்வி கொண்ட மதிப்பீட்டில் 40க்கு 8 வந்தாலே எச்சரிக்கை தேவை. அவருக்கு வந்தது 31.

டர்னர் வேலை கையை நம்பியது. ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 0.02 மில்லிமீட்டர் வரை பார்க்கும் வெர்னியரைப் பிடித்து அளவெடுக்க வேண்டிய கை, காலை எட்டரை மணி ஷிப்டில் நடுங்கத் தொடங்கியது. டாஸ்மாக் கடை திறப்பது பகல் 12 மணிக்கு. அதனால் முந்தைய இரவே ஒரு கட்டிங் அளவை மிச்சம் பிடித்துத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, டூல்பாக்ஸில் கழிவுத்துணிக்கு அடியில் வைத்துவிடுவார். காலையில் அதைக் குடித்த பிறகே கை நிற்கும், லேத்தின் பிடியான சக்கில் ஜாப்பை மாட்ட முடியும். ‘குடிச்சாத்தான் வேலை செய்ய முடியுதுங்க சார்’ என்று அவர் சொன்னதை வீட்டார் பல ஆண்டுகளாகச் சாக்கு என்றே எடுத்துக்கொண்டிருந்தார்கள். உடல் மதுவுக்குப் பழகி, அது இல்லாமல் இயங்க மறுக்கும் நிலையின் நேரடியான விவரிப்பு அது.

அவர் குடியை நிறுத்தாதவரும் அல்லர். ஐயப்பனுக்கு மாலை போட்ட ஆண்டுகளில் 48 நாள் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. குலதெய்வக் கோயிலில் கயிறு கட்டியிருக்கிறார், மகள் தலையில் கைவைத்துச் சத்தியமும் செய்திருக்கிறார். விரதத்தை நான் ஒருபோதும் குறைத்துப் பேசமாட்டேன். சாமிக்கு முன்னால் கொடுத்த வாக்கு அவரை 48 நாள் தாங்கியது என்பதே அவருக்குள் இருந்த உறுதிக்குச் சான்று. ஆனால் மாலையைக் கழற்றிய மறுநாளுக்கு அந்த விரதத்தில் விடை இல்லை. தவிர, நாள்பட்டுக் குடிப்பவர் மருத்துவத் துணையின்றிச் சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கால் மதுக்கடைகள் மூடப்பட்டபோது, இரண்டாம் நாள் இரவில் இவருக்கு வலிப்பு வந்தது. குடும்பத்தார் கையில் இரும்புச் சாவியைத் திணித்துக் காக்காய் வலிப்பு என்று நினைத்து அழுதிருக்கிறார்கள். குடியை நிறுத்திய 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வரக்கூடிய மதுவிலகல் வலிப்பு அது என்பது, பின்னாளில் வார்டில் பேசும்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது.

இந்தியாவில் இப்படி எத்தனை பேர் என்பதற்கு ஓரளவு தெளிவான கணக்கு இருக்கிறது. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக தில்லி எய்ம்ஸ் நடத்தி 2019ல் வெளியான தேசிய ஆய்வின்படி, தீங்கு விளைவிக்கும் அளவிலோ சார்ந்திருக்கும் நிலையிலோ குடிப்பவர்கள் 5.7 கோடிக்கும் மேல். மதுவைச் சார்ந்துவிட்டவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவரோ 180 பேருக்கு ஒருவர். அந்த ஒருவராக வார்டு வரை வந்து சேர்ந்த மனிதரை அதற்குப் பிறகு தவறவிடுவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை இந்த எண்களோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

வார்டு

இந்தப் பகுதியைச் சுருக்கமாகவே சொல்கிறேன். குளோர்டயசிபாக்சைடு மாத்திரையை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்து நடுக்கத்தைக் கட்டுப்படுத்துவதும், தயமின் எனப்படும் வைட்டமின் பி1 ஊசியைக் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே போடுவதும், கல்லீரல் சோதனையும், இரவில் உளறல் வருகிறதா என்ற கண்காணிப்பும் எல்லோருக்கும் நடப்பதுபோல இவருக்கும் நடந்தன. ஒரு வாரத்தில் உடல் தெளிந்தது. உடலைத் தெளியவைப்பது இவ்வளவு விரைவில் முடிந்துவிடுவதால், நோயே தீர்ந்துவிட்டதாக நோயாளியும் வீட்டாரும் மட்டுமல்ல, சில வேளைகளில் மருத்துவத் துறையினரும் எண்ணிவிடுகிறார்கள்.

கூட்டத்தைக் கண்டுபிடித்தல்

வார்டுக்கு வருவதற்கு ஓராண்டுக்கு முன்பே அவர் கூட்டத்தைத் தேடிப் போயிருக்கிறார் என்பது ஐந்தாம் நாள் பேச்சில் தெரிந்தது. எங்கோ கிடைத்த துண்டறிக்கையில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற பெயரும், ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரும், ஞாயிறு மாலை என்ற குறிப்பும் இருந்தன. அவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் போனார். பள்ளி கேட் பூட்டியிருந்தது. காவலாளி, ‘அதை எப்பவோ வேற எடத்துக்கு மாத்திட்டாங்களே’ என்றார். எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. அங்கிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும் வழியில் ஒரு மதுக்கடை இருந்தது. மகளிடம் இதைச் சொல்லவே இல்லை என்று சொன்னபோதுதான் வார்டில் முதன்முறையாக அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன்.

கைப்பேசியில் தேடினால் கிடைத்திருக்குமே என்று தோன்றலாம். மகள் தேடியும் பார்த்திருக்கிறாள். முதலில் வந்தவை மாதக் கட்டணம் வாங்கும் தனியார் மறுவாழ்வு இல்லங்களின் விளம்பரங்கள். அடுத்து, குடிப்பவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் பொடிகள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைப் பாதிப்புகளையும் உள்ளடக்கியது என்பதால், இத்தகைய சிகிச்சை இல்லங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு உண்டா என்று கேட்கும் துணிவு அலைக்கழிந்த குடும்பத்துக்கு இருப்பதில்லை. கூட்டமோ விளம்பரம் செய்வதில்லை. ஏ.ஏ.வின் மரபுகள் அதைச் செய்ய விடுவதில்லை. உறுப்பினர் பட்டியல் கிடையாது, கட்டணம் கிடையாது, வெளியாரிடம் நன்கொடை பெறுவது கிடையாது, வாசலில் பெரிய பலகையும் பெரும்பாலும் இருக்காது. உள்ளே வருகிறவருக்குப் பாதுகாப்பாக இருக்கும் அதே மறைவு, வெளியே தேடுகிறவருக்குச் சுவராகிவிடுகிறது. ஆகவே, கண்டுபிடித்துக் கொடுக்கும் வேலையை நோயாளியின் தலையில் கட்டக்கூடாது. அது சிகிச்சையாளரின் வேலை.

அந்தப் பகுதியின் குழுக்களை ஒருங்கிணைக்கும் எண்ணுக்கு வார்டிலிருந்தே, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பேசினேன். எந்தக் குழு இப்போதும் நடக்கிறது, தமிழில் நடப்பது எது, வந்து போகப் பேருந்து உண்டா, கடைசி வண்டி எத்தனை மணிக்கு, திறந்த கூட்டமா மூடிய கூட்டமா என்பவற்றை அப்போதே கேட்டுக்கொண்டோம். திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தாரும் ஆர்வமுள்ள பிறரும் வரலாம். மூடிய கூட்டம் குடிப்பழக்கத்தை விட விரும்புகிறவர்களுக்கு மட்டும். பேச்சை முடிப்பதற்கு முன், வார்டுக்கு வந்து இவரைப் பார்க்க முடியுமா என்றும் கேட்டேன். பேசிய இரண்டாம் நாள் மாலையில் இருவர் வந்தார்கள். ஒருவர் அறுபதைத் தாண்டிய, ஓய்வு பெற்ற ஆலைத் தொழிலாளி. இன்னொருவர் ஆட்டோ ஓட்டுநர்.

நான் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. பெரியவர் தம்முடைய கதையைச் சொன்னார்: ஆலையில் கழிவுப்பஞ்சு டிரம்முக்குள் பாட்டிலை ஒளித்துவைத்தது, இரவு ஷிப்டில் அதை எலி தட்டிவிட்டுக் கொட்டியபோது தரையில் மண்டியிட்டுப் பஞ்சைப் பிழிந்தது. பிறகு, ‘நீங்க எதுலீங்க தம்பி வெச்சிருந்தீங்க? டூல்பாக்ஸ்லீங்களா?’ என்று கேட்டார். அதுவரை கட்டில் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். எத்தனையோ மணி நேரம் நாங்கள் பேசியும் திறக்காத ஏதோ ஒன்று அந்த ஒரு கேள்வியில் திறந்துகொண்டது. படித்துப் பெற்ற எந்தத் தகுதியாலும் எனக்கு அது கைகூடாது. அந்த டிரம்முக்குள் கைவிட்டவருக்கே அது கைகூடும்.

இந்த இயக்கம் தொடங்கியதே இப்படித்தான். 1935 மே மாதத்தில், அமெரிக்காவின் ஏக்ரன் நகரத்துக்கு வணிக வேலையாக வந்து தோற்றுப்போன நியூயார்க் பங்குச்சந்தைக்காரர் பில் வில்சன், விடுதியின் மதுக்கூடத்துக்குள் நுழைந்துவிடுவோமோ என்ற அச்சத்தில், அங்கிருந்த தேவாலயப் பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியில் அழைத்து, தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியோடு பேச வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். பதினைந்து நிமிடம்தான் என்று சொல்லி மே 12 அன்று மாலையில் வந்த மருத்துவர், ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார். அவர் கடைசியாகக் குடித்த நாளாகக் கருதப்படும் 1935 ஜூன் 10, ஏ.ஏ. பிறந்த நாளாகக் கொள்ளப்படுகிறது. நடுவில் அந்த மருத்துவரும் ஒருமுறை சறுக்கினார் என்பதைப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் தவறாமல் சொல்வேன்.

பெரியவரிடம் நம்மவர் இரண்டு அச்சங்களைச் சொன்னார். கூட்டம் ஒரு தேவாலய வளாகத்தில் நடக்கிறதே, மதம் மாற்றிவிடுவார்களோ என்பது ஒன்று. ‘நான் கிருத்திகை தவறாம மருதமலைக்குப் போறவனுங்க தம்பி. அந்த ஹாலுக்கு நாங்க வாடகை குடுக்கறோமுங்க, அவ்வளவுதானுங்க’ என்று பெரியவர் பதில் சொன்னார். கூட்டத்தில் பேசப்படும் மேலான சக்தி என்பதை அவரவர் புரிந்துகொண்ட வகையில் எடுத்துக்கொள்ளலாம் என்பதும், குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே அங்கே உறுப்பினராவதற்குத் தேவை என்பதும் அவர் மூலமாகவே இவருக்குத் தெரிந்தது. பட்டறைக்காரர்கள் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்பது இரண்டாவது அச்சம். குடித்துவிட்டு வீதியில் கிடந்ததை ஊரே பார்த்திருக்க, தெளிவாக நடந்து ஒரு மண்டபத்துக்குள் நுழைவதை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்ற கூச்சம் வெளியாருக்கு வியப்பாக இருக்கலாம். நோயாளிகளிடம் நான் அடிக்கடி காண்பது இதைத்தான். ஆட்டோக்காரர் அதற்கு வாதமே செய்யவில்லை. ‘ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கே வண்டி கொண்டாறனுங்க. அண்ணியும் வரட்டுமுங்க’ என்றார்.

முதல் கூட்டம்

அது திறந்த கூட்டம் என்பதால் மனைவியோடு நானும் போனேன். நீளமான ஒரு அறை, வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில், குடியிலிருந்து மீள்வதற்கான பன்னிரண்டு படிகளும் குழு நடப்பதற்கான பன்னிரண்டு மரபுகளும் தமிழில் அச்சிட்ட இரண்டு பதாகைகள், ஓரத்து மேசையில் டீ கேன். இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். அன்று கூட்டத்தை நடத்தியவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தாரே தவிர, அவர் தலைவர் அல்லர். அந்தப் பொறுப்பு முறை வைத்து மாறும். சற்று நேர மௌனம், அறிமுக வாசிப்பு, படிகளின் வாசிப்பு, பிறகு பகிர்வு. ஒவ்வொருவரும் தம் பெயரைச் சொல்லித் தாம் குடிநோயாளி என்று சொல்லும்போது அறை முழுவதும் அவர் பெயரைச் சொல்லி வணக்கம் சொல்கிறது. ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிடுவதோ, பேசி முடித்ததும் திருத்துவதோ கிடையாது. எல்லோரும் எல்லோருக்கும் புத்தி சொல்லும் நம் ஊரில், ஒரு மனிதர் தன் வாழ்வின் கேவலமான நாளைச் சொல்லி முடித்ததும் யாரும் எதுவும் சொல்லாமல் அடுத்தவர் தன்னுடையதைத் தொடங்குவது ஆழமான மரியாதை என்று எனக்குத் தோன்றியது.

நம்மவர் கதவுக்குப் பக்கத்தில், கடைசி வரிசையில் உட்கார்ந்தார். முறை வந்தபோது பெயரை மட்டும் சொன்னார். அதற்கும் அறை வணக்கம் சொன்னது. துணிப்பை ஒன்று கைமாறி வந்தது. வாடகைக்கும் டீக்கும் உறுப்பினர்கள் போடும் காசு. புதியவர் போட வேண்டாம் என்று பக்கத்தில் இருந்தவர் மெதுவாகச் சொன்னார். கடைசியில், குடியை விட்டு ஒருவருக்கு ஓராண்டு நிறைவு. வேட்டி கட்டிய அந்த மனிதரின் மகள், ஞாயிறு என்றாலும் பள்ளிச் சீருடையில் வந்து கேக் வெட்டி, முதல் துண்டை அப்பாவுக்கு ஊட்டினாள். நம்மவர் அந்தப் பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஓ.பி. வருகையில், பேச்சில் எது நினைவிருக்கிறது என்று கேட்டபோது, பேச்சு எதுவும் நினைவில்லை, அந்தச் சீருடைதான் நினைவிருக்கிறது என்றார்.

கிளம்பும்போது பெரியவர் காலண்டர் தாள் ஒன்றின் பின்புறத்தில் மூன்று கைப்பேசி எண்களை எழுதிக் கொடுத்து, ‘குடிச்சதுக்கு அப்புறம் கூப்புடாதீங்க தம்பி. குடிக்கறதுக்கு முன்னால கூப்புடுங்க, ராத்திரி ஒரு மணின்னாலும்’ என்றார். சனிக்கிழமைக்கு அன்றே ஒரு ஏற்பாடும் ஆனது. சம்பளத்தை மனைவியின் வங்கிக் கணக்கில் போடும்படி பட்டறை உரிமையாளரிடம் கேட்பது. சனி மாலை பட்டறையிலிருந்து வீட்டுக்குப் போகாமல், பக்கத்துப் பகுதியில் அன்று நடக்கும் இன்னொரு குழுவின் கூட்டத்துக்கு நேராகப் போவது. ஆரம்ப நாட்களில் முடிந்த அளவுக்கு அதிகமான கூட்டங்களுக்குப் போகச் சொல்வது ஏ.ஏ.வில் வழக்கம். தொண்ணூறு நாளில் தொண்ணூறு கூட்டம் என்பார்கள். ஷிப்ட் தொழிலாளிக்கு அது நடக்கிற காரியம் இல்லை. வாரம் மூன்று என்று தொடங்கினார்.

மனைவி

கணவர் வார்டில் சேர்வதற்கு முன், சாம்பாரில் கலந்து கொடுப்பதற்கு மாத்திரை வேண்டும் என்று கேட்டு இவர் ஒரு மருந்துக் கடையில் நின்றிருக்கிறார். டைசல்ஃபிராம் என்ற மருந்தைத்தான் கேட்டிருக்கிறார். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, இரத்த அழுத்தம் சரிந்து, சில வேளைகளில் உயிரே போகலாம். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அந்த விளைவு நீடிக்கும். நோயாளி அறிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே தரப்பட வேண்டிய அதை மறைவாகக் கலப்பது விஷம் வைப்பதற்குச் சமம் என்று அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. அதைக் கேட்டு அவர் அழவில்லை. ‘பதினாறு வருசமா நான் என்னதான் செய்யறது சார்?’ என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே இருப்பது அல்-அனான் குடும்பக் குழு. பில் வில்சனின் மனைவி லோயிஸ் முதலானோர் 1951ல் அமைத்தது அது. கணவரைக் குடிக்காமல் காவல் காப்பது தன் பொறுப்பல்ல என்பதை, சட்டைப் பையைத் தினமும் மோந்து பார்த்த இன்னொரு பெண்ணின் வாயால் இவர் அங்கேதான் கேட்டார்.

சறுக்கல்

நான்காம் மாதத்தில் பட்டறைக்குப் பெரிய ஆர்டர் வந்து ஓவர்டைம் தொடங்கியது. சனிக்கிழமைக் கூட்டம் முதலில் நின்றது, அடுத்து ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் நின்றது. அப்போது அவர் குடிக்கவில்லை. உடம்பு நன்றாக இருப்பதாகவும், தனக்கு இனிக் கூட்டம் தேவைப்படாது என்றும் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அதற்கடுத்த வாரம் உறவினர் வீட்டுக் கெடா விருந்தில், ‘மாப்ள, ஒரு கட்டிங் மட்டும்’ என்று யாரோ டம்ளரை நீட்டினார்கள். இதில் கவனிக்க வேண்டியது நிகழ்ந்த வரிசை. குடி திரும்பியது விருந்தில் அல்ல. கூட்டம் நின்ற வாரத்திலேயே அது புறப்பட்டுவிட்டது. விருந்துக்குப் போகலாமா வேண்டாமா என்று யாரிடமாவது கேட்கும் பழக்கம் அதற்கு முன்பே அறுந்துபோயிருந்தது.

மூன்று நாள் தொடர்ந்து குடித்தார். பெரியவரின் அழைப்புகளை எடுக்கவில்லை. நான்காம் நாள் காலையில் ஆட்டோ ஓட்டுநர் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஏன் குடித்தீர்கள் என்று கேட்கவில்லை. ‘எத்தன நாளுங்ணா ஆச்சு? கை நடுங்குதுங்களா?’ என்று மட்டும் கேட்டுவிட்டு, கூட்டத்துக்கு அல்ல, நேராக எங்கள் ஓ.பி.க்கு அழைத்து வந்தார். முன்பே வலிப்பு வந்தவர் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கூட்டமும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று மாற்று என்று நினைப்பவர்களுக்கு இந்த ஆட்டோக்காரரின் முடிவையே நான் எடுத்துக்காட்டுவேன். ஒரு வாரம் கழித்து மூடிய கூட்டத்தில் நம்மவர் முதன்முறையாகப் பெயருக்கு மேல் பேசினார் என்று பின்னர் அவரே சொன்னார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. அது அந்த அறைக்குரியது.

இதிலிருந்து எங்கள் பணியில் வந்த மாற்றம்

அழைத்துப் போகும் ஆளின் தேவைக்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்காவில் சிசன், மல்லம்ஸ் என்ற இருவர் 1981ல் வெளியிட்ட சிறிய ஆய்வில் நோயாளிகள் 20 பேர். ஒரு பகுதியினருக்குக் கூட்டம் பற்றிய தகவலும் இடமும் நேரமும் மட்டும் சொல்லப்பட்டன. மறுபகுதியினருக்கு ஆலோசகர் முன்னிலையிலேயே உறுப்பினர் ஒருவரோடு தொலைபேசியில் பேசவைத்து, அவரே உடன் அழைத்துப் போகவும் ஏற்பாடு செய்தார்கள். தகவல் மட்டும் பெற்றவர்களில் ஒருவரும் போகவில்லை. பேசவைக்கப்பட்டவர்கள் அனைவரும் போனார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் அதைப் படித்தபோது எங்கள் வார்டின் கதையையே யாரோ எழுதிவைத்ததுபோல இருந்தது. கூட்டத்துக்குப் போவதால் பயன் உண்டா என்ற கேள்விக்கு, 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் உள்ளடக்கி 2020ல் வெளியான, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பாய்வு பதில் தருகிறது: முறைப்படி ஏ.ஏ.வோடு இணைத்துவிடும் சிகிச்சை பெற்றவர்களில் ஓராண்டு முடிவில் குடிக்காமல் இருந்தவர்கள் சுமார் 42 விழுக்காடு; பிற உளவியல் சிகிச்சைகளில் 35 விழுக்காடு.

இப்போது எங்கள் வார்டில் எந்த நோயாளியும் ஓர் உறுப்பினரின் குரலையாவது கேட்காமல் வீட்டுக்குப் போவதில்லை. டிஸ்சார்ஜ் நாளைக் கூட்ட நாளுக்கு முந்தைய நாளாக வைக்க முயல்கிறோம். இடையில் ஐந்து நாள் விட்டால் அந்த ஐந்து நாளில் பாதிப்பேர் கைநழுவிப் போகிறார்கள். ஒரு குழு பிடிக்கவில்லை என்றால் வேறு குழுவுக்குப் போகலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். ஊர் தள்ளி இருப்பவர்களுக்கு, 2020க்குப் பிறகு பரவலான இணையவழிக் கூட்டங்களில் தமிழில் நடப்பவற்றைக் கைப்பேசியில் சேர்த்துவிடுகிறோம். மருத்துவமனைத் தொடர்பே இல்லாத குடும்பங்கள் முதலில் கேட்பதற்கு, மத்திய அரசின் கட்டணமில்லாத 14446 என்ற போதைமீட்பு உதவி எண்ணும், 14416 என்ற மனநல உதவி எண்ணும் இருக்கின்றன.

குறைகளையும் எழுதத்தான் வேண்டும். நான் பார்த்த கூட்டங்களில் பெண் உறுப்பினர்கள் மிக அரிது. குடிக்கும் பெண் ஒருவர் ஆண்கள் நிறைந்த அறையில் எழுந்து தன் கதையைச் சொல்வது நம் ஊரில் எளிதல்ல; எங்களிடம் வந்த பெண் நோயாளிகளுக்கு இதுவரை நல்ல வழி ஒன்றைக் கண்டுபிடித்துத் தர முடியவில்லை. மனச்சோர்வோ மனச்சிதைவோ சேர்ந்து இருப்பவர்களுக்குக் கூட்டம் மட்டும் போதாது. அவர்களின் மாத்திரையைப் பற்றிக் கூட்டத்தில் யாராவது தவறாகப் பேசிவிட்டால் அதை உடனே எங்களிடம் வந்து கேட்கும்படி சொல்லி அனுப்புகிறோம்.

இன்றைய நிலை

சறுக்கலுக்குப் பிறகு ஓராண்டைத் தாண்டிவிட்டார். வாரம் ஒரு கூட்டத்துக்குக் குறைவதில்லை; ஓவர்டைம் இருக்கும் வாரத்தில் முன்கூட்டியே பெரியவரிடம் சொல்லிவிடுகிறார். கல்லீரல் சோதனை சீராகிவிட்டது. சர்க்கரை புதிதாகத் தெரியவந்து அதற்கு மாத்திரை எடுக்கிறார். பட்டறையில் மீண்டும் நுண்ணளவு ஜாப்களை இவரிடமே தருகிறார்கள். மகள் இன்னும் அவரோடு அதிகம் பேசுவதில்லை. அதை அவசரப்படுத்த வேண்டாம் என்று அவரும் மனைவியும் முடிவெடுத்திருக்கிறார்கள். மனைவிக்குத்தான் அல்-அனான் தொடரவில்லை. ஆலையில் அவருக்கு ஷிப்ட் மாறிவிட்டதால் குழு கூடும் நேரத்தில் அவர் வேலையில் இருக்கிறார். ஞாயிறு காலையில் கூடக்கூடிய குடும்பக் குழு ஒன்றைத் தொடங்க, அதே ஆலையில் வேலை செய்யும் வேறு இரண்டு பெண்களோடு அவர் பேசிவருகிறார். இடத்துக்காக நாங்கள் கேட்டிருக்கும் அறைக்கு இன்னும் அனுமதி வரவில்லை.